விளக்கு தானமா, பங்கா?



சென்ற குளிர்காலத்தில் நாம் டெல்லி மாநகருக்குச் சென்றிருந்தோம். புசா ரோட்டுக்கு அருகில், தமிழன்பர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமை மாலை நம்மவர் இருபது பேர் கூடியிருந்தனர். வீட்டு வேலை செய்யும் தாய்மார், வண்டி ஓட்டுவோர், அலுவலகங்களில் சிற்றூழியம் பார்ப்போர் ஆகிய உழைக்கும் மக்களே அவர்கள் அனைவரும். திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லி முடித்தபின், இரண்டாம் சீலத்தை எடுத்துக்கொண்டு, கொடுக்கப்படாததை எடுக்கலாகாது என்பதன் பொருளை விரித்துக் கூறிக்கொண்டிருந்தோம். அப்போது ஓர் உபாசிகை எழுந்து கேட்டார்:

“ஐயா, நான் வேலை செய்யும் வீட்டில் குளிர்காலத்தில் மின்சாரக் கட்டணமே வருவதில்லை, அரசாங்கம் தள்ளுபடி செய்துவிடுகிறது. நான் குடியிருக்கும் ஒற்றை அறைக்கோ, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம் வீட்டுக்காரருக்குக் கட்டுகிறேன். மலையில் இருக்கும் என் தாயார் வீட்டில் சூரியத் தகடு ஒன்று வைத்துப் போனார்கள். அதன் மின்கலம் செத்துப்போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. கொடுக்கப்படாததை எடுத்தவர் எங்கள் மூவரில் யார்?”

அவர் அமர்வதற்குள் ஓர் இளைஞர் எழுந்தார். “ஐயா, இலவசம் வாங்குவதே இழிவு அன்றோ? சுயமரியாதையோடு வாழச் சொன்ன பாபாசாகேப்பின் மக்கள் மானியத்துக்குக் கை நீட்டலாமா?” என்றார்.

இருவரும் நல்ல கேள்வியே கேட்டனர். அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஊர் திரும்பிய பின்னும் அவ்விரு கேள்விகளும் நம்மை விட்டு அகலவில்லை. தொலைவான சிற்றூர்களுக்கும் ஏழை வீடுகளுக்கும் அரசாங்கம் மின்சார மானியம் அளிப்பது தானமா, கடமையா? அதனைப் பெறுவது இரத்தலா, பங்கா? அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

அத்தெருவின் பெயரிலிருந்தே தொடங்குவோம். புசா என்பது டெல்லியின் பெயரன்று. பீகார் நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயர் அது. 1905-ஆம் ஆண்டில் அவ்வூரில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 1934-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நேர்ந்த பெரும் பூகம்பத்தில் அதன் கட்டடம் சிதைந்துபோகவே, 1936-இல் அந்நிலையத்தை டெல்லிக்குக் கொண்டுவந்தார்கள். அதனோடு ஊரின் பெயரும் வந்து சேர்ந்தது. கிராமத்திலிருந்து நிலையமும் பெயரும் நகரத்துக்கு வந்தன. நகரத்திலிருந்து கிராமத்துக்கு யாது சென்றது? 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். டெல்லியில் நூறு வீடுகளுக்குத் தொண்ணூற்றொன்பதில் மின்விளக்கு எரிந்தது. பீகாரில் நூற்றுக்குப் பதினாறு வீடுகளில்தான் எரிந்தது. அந்நாட்டின் கிராமப்புறத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறையப் பத்து வீடுகளே. மற்றவையெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் இருந்தன. சுதந்திரம் பெற்று அறுபத்துநான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் இருந்த நிலை இது.

ஆயினும் ஏடுகளில் அக்கிராமங்களிற் பல அதற்கு வெகு காலம் முன்னரே மின்சாரம் பெற்றவையாக எழுதப்பட்டிருந்தன. இது எங்ஙனம் இயலும் என்று வினவுவீர்கள். 1997-ஆம் ஆண்டு வரையில், ஒரு கிராமத்தின் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காகவேனும் மின்சாரம் பயன்படுத்தப்பட்டால் போதும். அக்கிராமம் மின்சாரம் பெற்றதாகக் கணக்கு. வயல் நடுவே ஒரு பம்பு ஓடினாலும் சரியே. ஊருக்குள் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லாவிடினும் சரியே. 2004-ஆம் ஆண்டில் இவ்விலக்கணத்தைத் திருத்தினார்கள். ஊர்க் குடியிருப்பில் மட்டுமன்றி, தலித் குடியிருப்பு இருப்பின் அங்கும் மின்மாற்றியும் கம்பியும் இருத்தல் வேண்டும். பள்ளி, ஊராட்சி மன்றம், மருத்துவ நிலையம் முதலியவற்றில் மின்சாரம் இருத்தல் வேண்டும். மொத்த வீடுகளில் நூற்றுக்குப் பத்தேனும் இணைப்புப் பெற்றிருத்தல் வேண்டும் என்று வகுத்தார்கள். நூற்றுக்குப் பத்து என்றால் தொண்ணூறு வீடுகள் இருளில் இருக்கலாம் என்பதும் அதன் பொருளே. தலித் குடியிருப்பு என்று பெயர் சொல்லியே எழுத நேர்ந்ததன் காரணம் யாதென்று நம்மவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கம்பி தானாகச் சேரிக்குள் வருவதில்லை. சட்டம் கையைப் பிடித்து இழுத்து வரவேண்டியிருந்தது.

இதனை நாம் படித்து மட்டும் அறிந்ததில்லை. கொங்கு நாட்டில் நாம் பிறந்த சேரிக்கும் ஊருக்கும் இடையே ஓர் ஓடையே தூரம். ஊருக்கு மின்கம்பம் நட்டபோது குழி தோண்டியவரும் கம்பத்தைத் தோளில் சுமந்தவரும் நம் தந்தையாரும் அவர் போன்றோருமே. நாட்கூலி கொடுத்தார்கள்; அதில் குறையில்லை. ஆனால் கம்பம் ஓடையோடு நின்றுவிட்டது. ஒன்பது ஆண்டுகள் அங்கேயே நின்றது. இரவில் நம் அன்னையார் மண்ணெண்ணெய் விளக்கின் திரியைத் தாழ்த்தி, “எழுத்துத் தெரிந்தால் போதும், முகம் தெரிய வேண்டாம்” என்பார். எண்ணெய் தீர்ந்த நாளில் பாடமும் தீரும். பதினேழாம் வயதில் கோயமுத்தூர்ப் பஞ்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் இரவில், நூற்பு இயந்திரங்களின் மேல் வரிசை வரிசையாக எரிந்த குழல் விளக்குகளைக் கண்டு கண் கூசி நின்றோம். இரவு முழுதும் எரிந்த அவ்வொளியில் ஒரே ஒரு குழல் நம் சேரியின் நடுவில் எரிந்திருந்தால், எத்தனை பிள்ளைகள் பள்ளியை விடாதிருப்பார்கள் என்று அன்று எண்ணினோம். இன்றும் எண்ணுகிறோம்.

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம். மானியம் என்றாலே இரவல், இலவசம், இழிவு என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? நகரத்து வீட்டுக்கு மின்சாரம் வந்தது அவ்வீட்டாரின் சொந்தப் பொருளால் மட்டுமா? கோயமுத்தூரின் ஆலைகள் பெருகியது எதனால்? 1932-இல் நீலகிரி மலையின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து அரசாங்கம் மின்சாரம் எடுத்துச் சமவெளிக்கு அனுப்பியதால் அன்றோ? அணை, சுரங்கக் குழாய், கம்பி வழி ஆகியவற்றில் பொதுப் பணம் இருந்தது. மலையின் நீர் இருந்தது. கூலியாள்களின் உழைப்பு இருந்தது. அதற்கு ஒருவரும் மானியம் என்று பெயரிடவில்லை. முன்னேற்றம் என்று பெயரிட்டார்கள். அதே பொதுப் பணத்தில் ஒரு பகுதி, கம்பியின் கடைசி முனையில் உள்ள குடிசைக்குச் செல்லும்போது மட்டும் மானியம் என்று பெயர் மாறுகிறது. பெயர் மாறுவதால் பொருள் மாறுமோ?

வெளிநாட்டில் ஒரு சான்று காட்டுவோம். ஐக்கிய அமெரிக்க நாட்டில் 1930-களின் நடுவில் நகர வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறில் மின்சாரம் இருந்தபோது, பண்ணை வீடுகளில் நூற்றுக்குப் பத்தில்தான் இருந்தது. ஆதாயம் இல்லை என்று தனியார் கம்பெனிகள் கிராமத்துக்குச் செல்ல மறுத்தன. 1935-இல் அரசாங்கமே அதற்கென ஒரு துறையை அமைத்து, கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் அளித்த பின்னரே கம்பி வயலைக் கடந்தது. அந்நாட்டின் வடகோடியில் அலாஸ்கா என்னும் பனி மாநிலம் உண்டு. அங்குள்ள சிற்றூர்கள் பலவற்றுக்குச் சாலையும் இல்லை, பெருங்கம்பியும் இல்லை. படகில் வரும் டீசலை எரித்தே மின்சாரம் எடுக்கிறார்கள். ஆதலின் அங்கே மின்சாரத்தின் விலை நகரத்து விலையைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு. நகரத்தார்க்குப் பொதுப் பணத்தில் நீர்மின் நிலையங்கள் கட்டித் தந்தபோது, “அணையின் பயன் எட்டாத எங்களுக்கு என்ன?” என்ற கேள்வி எழுந்தது. அதன் விடையாக 1980-களில் விலையைச் சமன் செய்யும் மானியத் திட்டம் ஒன்று வந்தது. 2000-ஆம் ஆண்டில் அதற்கென ஒரு நிலை நிதியும் வைக்கப்பட்டது. அத்திட்டத்தின் பெயரிலேயே சமன் என்னும் சொல் இருத்தலைக் காண்க. இரக்கம் என்று அவர்கள் பெயரிடவில்லை.

நம் நாட்டில் இவ்வுண்மையை முன்னரே கண்டவர்களுள் ஒருவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார் என்பதை எல்லோரும் அறிவர். மின்சாரக் கொள்கையும் அவர் பொறுப்பில் இருந்தது என்பதைப் பலர் அறியார். 1943-இல் டெல்லியில் கூடிய கொள்கைக் குழுவில், மலிவாகவும் தட்டின்றியும் மின்சாரம் கிடைத்தாலன்றி இந்நாட்டின் வறுமை தீராது என்னும் கருத்தை அவர் வலியுறுத்தினார். மத்தியத் தொழில்நுட்ப மின்விசை வாரியம் 1944-இல் அமைந்தது அக்காலத்திலேயே. அவர் மின்சாரத்தைக் கேட்டது பிச்சையாக அன்று; மனிதன் மாடு போல் உழைப்பதினின்று விடுபடும் வழியாகக் கேட்டார். ஆதலின், தம்பி, சுயமரியாதை என்பது நமக்குரிய பங்கை வேண்டாமென்று ஒதுக்குவதில் இல்லை; தலை தாழாமல் அதனைக் கேட்டுப் பெறுவதில் இருக்கிறது.

பகவான் புத்தர் இதனைப் பற்றிக் கூறியது உண்டா எனின், உண்டு. தீக நிகாயத்தின் கூடதந்த சூத்திரத்தில் மகாவிஜிதன் என்னும் அரசனின் வரலாற்றைப் பகவான் உரைக்கின்றார். அவ்வரசன் பெரியதொரு வேள்வி செய்யக் கருதுகிறான். புரோகிதரோ, நாட்டில் திருட்டும் கொள்ளையும் மலிந்திருக்கையில் மேலும் வரி வாங்குதல் தகாது என்றும், கொலையாலும் சிறையாலும் கள்வரை ஒழிக்க இயலாது என்றும் கூறுகிறார். பின் வழி யாது? உழுவோர்க்கும் மாடு மேய்ப்போர்க்கும் விதையும் தீனியும், வாணிகர்க்கு முதலும், அரசு ஊழியர்க்கு உணவும் ஊதியமும் கொடு என்கிறார். அங்ஙனமே செய்ய, மக்கள் தத்தம் தொழிலில் முனைந்தனர். அரசனின் வருவாயும் பெருகிற்று. வீட்டுக் கதவுகளை அடைக்காமலே மக்கள் அச்சமின்றி வாழ்ந்தனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அரசன் கொடுத்தது உழைப்புக்கு வேண்டிய கருவி. உழைப்பவனின் கையில் விதை எப்படியோ, இன்று படிக்கும் பிள்ளைக்கும் தையல் இயந்திரம் மிதிக்கும் தாய்க்கும் மின்சாரம் அப்படி. இரண்டாவது, யாருக்கு எது தேவையோ அது கொடுக்கப்பட்டது. எல்லோர்க்கும் ஒரே அளவாக அள்ளி இறைக்கவில்லை. மூன்றாவது, அரசன் தன் களஞ்சியத்திலிருந்து கொடுத்தான். பிறர் களஞ்சியத்திலிருந்து அன்று.

இம்மூன்றையும் உரைகல்லாக வைத்து நம் காலத்து மானியங்களை உரைத்துப் பார்ப்போம். 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு சௌபாக்கியத் திட்டத்தை அறிவித்தது. ஏழை வீடுகளுக்கு இணைப்பு இலவசம். ஏனையோர் 500 ரூபாயைப் பத்துத் தவணையில் செலுத்தலாம். கம்பி எட்டாத தொலைவிடங்களுக்கு 200 முதல் 300 வாட் வரையிலான சூரியத் தகடும் மின்கலமும், ஐந்து விளக்கும் ஒரு விசிறியும். 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் மணிப்பூரின் லெய்சாங் என்னும் ஊருக்கு மின்சாரம் சென்றதோடு, நாட்டின் கிராமங்கள் அனைத்தும் மின்சாரம் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சு வரையில் இத்திட்டத்தால் இணைப்புப் பெற்ற வீடுகள் 2.86 கோடி. இது பெருஞ்செயல், போற்றுகிறோம். சம்யுத்த நிகாயத்தில், விளக்குத் தருபவர் கண்ணைத் தருகிறார் என்னும் கருத்துப்படப் பகவான் விடை பகர்ந்ததாக உள்ளது. அவ்வாறாயின் இது பல கோடிக் கண்களைத் திறந்த செயலன்றோ?

ஆனால் கண் கொடுத்தவர் மறுபடியும் வந்து அதைப் பிடுங்கலாகாது. இணைப்புக்கு மானியம் கொடுத்தாயிற்று. மாதந்தோறும் வரும் கட்டணத்தை, கூலி வேலை இல்லாத மாதத்தில் அவ்வேழை எங்ஙனம் செலுத்துவான்? தகட்டைப் பழுது பார்க்கும் பொறுப்பு ஐந்து ஆண்டுகளுக்கே. ஆறாம் ஆண்டில் மின்கலம் செத்தால் யார் மாற்றுவார்? நம் உபாசிகையின் தாயார் வீட்டில் நேர்ந்தது இதுவே. ஒருநாள் விளக்கேற்றிப் படம் பிடித்துக்கொண்டு போவது தானமுமன்று, கடமையுமன்று. தொலைவில் இருப்பவனுக்கு வேண்டுவது, எரியும் விளக்கைக் காட்டிலும் அணையாத விளக்கு.

எதிர்ப்பக்கத்தார் கூறுவதையும் நேர்மையோடு கேட்க வேண்டும். இலவசத்தால் மின்வாரியங்கள் கடனில் மூழ்குகின்றன. கடனில் மூழ்கிய வாரியம் தகுந்த கம்பியும் மின்மாற்றியும் வாங்காது. முடிவில் முதலில் இருள்வது கடைக்கோடிச் சிற்றூரே என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், மாநில அரசு மானியம் அளிக்க விரும்பினால் அத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது. புகழ் தனக்கும் கடன் வாரியத்துக்கும் என்று இருப்பது மகாவிஜிதனின் வழியன்று. அன்றியும் அளவு வேண்டும். தமிழ்நாட்டில் 1990-இல் உழவர் அனைவர்க்கும் பம்பு மின்சாரம் இலவசமாயிற்று. உழவரை நாம் பழிக்கவில்லை. நாம் உண்பது அவர் உழைப்பே. ஆயினும் பல கிணறு உடையவர்க்குப் பல பங்கும், ஒரு கிணறு உடையவர்க்கு ஒரு பங்கும், அவ்விருவர் வயலிலும் கூலி செய்யும் நிலமற்ற சேரியாளுக்கு ஒன்றுமில்லாமையும் சமனோ? 2016-இல் வீடுகள் எல்லாவற்றுக்கும் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றார்கள். மாளிகைக்கும் நூறு, குடிசைக்கும் நூறு. குடிசைக்கு அது விளக்கு. மாளிகைக்கு அது கணக்கிலும் தெரியாத துளி. அத்துளிகளைச் சேர்த்தால் எத்தனை மலைவீட்டு மின்கலங்களை மாற்றலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது அவ்வுபாசிகையின் கேள்விக்கு விடை கூறுவோம். கொடுக்கப்படாததை எடுத்தவர் யார்? டெல்லியில் 2019 ஆகஸ்டில் மாதம் 200 யூனிட் வரையில் கட்டணம் இல்லை என்றும், 400 யூனிட் வரையில் பாதி மானியம் என்றும் ஆணை பிறந்தது. 2022 அக்டோபர் முதல், வேண்டுமென்று விண்ணப்பித்தவர்க்கே அது என்று ஆயிற்று. தேவையுடையவர் விண்ணப்பித்துப் பெற்றால், அது கொடுக்கப்பட்டதைப் பெறுதலே. அதில் சீலக் குறைவு இல்லை. வசதியுடையவர் பெற்றால், சட்டம் குற்றம் சொல்லாது. ஆனால் மனச்சான்று ஒரு நாள் கேட்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு மீட்டர் வைத்து அளவைக் குறைத்துக் காட்டுவோர் பொய்யும் சொல்கிறார், கொடுக்கப்படாததையும் எடுக்கிறார். இரண்டு சீலம் ஒருங்கே உடைகிறது. தமக்கு மானியம் வாங்கிக்கொண்டு, தம் அறையில் குடியிருக்கும் ஏழையிடம் முழு விலையும் அதற்கு மேலும் வாங்குவோர், அவ்வேழைக்கென வந்த விளக்கைத் தம் மாடத்தில் வைத்துக்கொள்கிறார். குடியிருப்போர்க்குத் தனி மீட்டர் தரும் திட்டம் 2019-இலேயே அறிவிக்கப்பட்டது. தங்கையே, நீர் எவரிடமும் எதையும் எடுக்கவில்லை. உம்மிடமிருந்தே எடுக்கப்பட்டது. அதனைக் கேட்டுப் பெறுதல் பேராசையன்று.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கதையை நம்மவர் அறிவர். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. பின்னர் மழை பெய்து நாடு செழித்தபோது, உண்ண வருவார் ஒருவரும் இல்லாது அவன் வருந்தித் திரிந்தான். கொடுப்போர் அனைவர்க்கும் இக்கதை ஒரு சோதனை. நம் கொடை நிலைக்க வேண்டும் என்பதற்காக ஏழை ஏழையாகவே இருத்தல் வேண்டுமோ? நல்ல மானியம் தன்னைத் தேவையற்றதாக்கும் நாளை நோக்கி நடப்பது. தீய மானியம் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகப் பிறப்பது. விளக்கொளியில் படித்த பிள்ளை, நாளை தன் கட்டணத்தைத் தானே செலுத்துவான். தொலைவில் உள்ள மற்றொருவனின் கட்டணத்திலும் ஒரு பங்கு தாங்குவான். அன்று வாங்கியவன் இன்று கொடுப்பவன் ஆவதே தம்மச் சக்கரம் சுழலும் முறை.

ஆதலின், அன்பர்களே, இவ்விதழைப் படித்து மூடிவைக்கும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் சேரியின் கடைசி வீட்டில், உங்களை அடுத்துள்ள மலைக் குடியிருப்பில், இன்றிரவு விளக்கு எரிகிறதா என்று சென்று பாருங்கள். எரியவில்லை எனில், எழுதத் தெரிந்தவர் அவர்க்காக ஒரு மனு எழுதுங்கள். உடன் சென்று கொடுங்கள். நீங்கள் மானியம் இன்றி வாழ வல்லவராயின், விண்ணப்பிக்காமல் விடுங்கள். அதுவும் தானமே, அதனை ஒருவரும் பாராட்டமாட்டார் என்பதால் சிறந்த தானம்.

நம் சேரிக்கு ஓடையைக் கடந்து கம்பி வந்த அன்று நம் அன்னையார் விளக்கின் அடியில் நின்று நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுத்து மட்டும் அன்று, முகமும் தெரிந்தது. நம் நாட்டின் ஒவ்வொரு குடிசையிலும் ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தை அங்ஙனம் காணும் வரையில், இதனைத் தானம் என்று சொல்லிப் பெருமை கொள்ள எவருக்கும் உரிமை இல்லை. அது தீராத கடன்.

அனைவர்க்கும் மங்களம் உண்டாகுக!